மலைக்குளிருக்குச் செல்லும் கேம்பர் வேனில் லித்தியம் பேட்டரி: கடற்கரையிலேயே முடிக்க வேண்டிய ஆயத்தங்கள்

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் நம் கடற்கரையில், மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் இங்கே வேனுக்கு லித்தியம் பேட்டரி வாங்குபவரும் விற்பவரும் வெயிலையும் உப்புக்காற்றையும் பற்றியே பேசுகிறார்கள். குளிரைப் பற்றிய பேச்சு எழுவதே இல்லை. ஆனால் இராமநாதபுரத்தில் காலையில் புறப்படும் அதே வேன், மதுரை, வத்தலக்குண்டு வழியாக அன்று மாலைக்குள் கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கும் உதகையிலும் உறைபனி விழும் இரவுகள் உண்டு. லே வரை செல்வோர் சந்திக்கும் குளிர் இன்னும் மிகக் கடுமையானது.

முதலில் ஓர் அடிப்படை

வேன்களில் இன்று பெரும்பாலும் பொருத்தப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 3.2 வோல்ட் செல்கள் நான்கைத் தொடராக இணைத்து 12.8 வோல்ட் பெறுகிறார்கள். குளிரில் இந்தப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பது ஒன்று, அதில் மின்சாரம் ஏற்றுவது முற்றிலும் வேறொன்று. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மைனஸ் 20 டிகிரி வரை மின்சாரம் எடுக்க அனுமதிக்கிறார்கள். கிடைக்கும் அளவு குறையுமே தவிர, பேட்டரி கெடுவதில்லை. சார்ஜ் ஏற்றுவதற்கோ 0 முதல் 45 டிகிரி வரை மட்டுமே அனுமதி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். உறைநிலைக்குக் கீழே அந்த நுழைவு மிகவும் மெதுவாகிவிடுவதால், உள்ளே போக முடியாத லித்தியம் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மீண்டும் பயனுக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசி போல வளர்ந்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஏற்படவும் கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதால்தான் இதில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

படி 1: விவரத்தாளைப் படியுங்கள்

பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் பலகை, குளிரில் சார்ஜைத் தானே நிறுத்துமா என்று பாருங்கள். எல்லா பி.எம்.எஸ்.களிலும் இந்த வசதி இல்லை. விலை குறைந்தவற்றில் அதிக வெப்பத்துக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து விட்டுவிடுவதுண்டு. விவரத்தாளில் தெளிவாக இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதியை இந்த ஒரு விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன்.

படி 2: சார்ஜ் கன்ட்ரோலரின் அமைப்புகள்

சோலார் பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரியில் ஏற்றும் கருவியே சார்ஜ் கன்ட்ரோலர். பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கான அமைப்பிலேயே அது இருந்தால், குளிரக் குளிர அது மின்னழுத்தத்தை உயர்த்தும். 12 வோல்ட் அமைப்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.03 வோல்ட் என்று கொண்டால், 25 டிகிரியில் 14.4 வோல்ட்டாக இருந்தது 0 டிகிரியில் 15 வோல்ட்டைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரிக்கு 14.6 வோல்ட்டே உச்சவரம்பு. ஆகவே இப்படி மின்னழுத்தத்தை மாற்றும் வெப்ப ஈடுசெய்தலையும், அவ்வப்போது கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கும் ஈக்வலைசேஷனையும் முழுமையாக அணைத்துவிட்டு, குறைந்த வெப்பநிலையில் சார்ஜை நிறுத்தும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதை 5 டிகிரிக்கு அமையுங்கள்.

படி 3: ஐஸ் கட்டியும் உப்பும் கொண்டு சோதனை

அமைத்துவிட்டால் மட்டும் போதாது. குளிரில் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிரே இல்லாத ஊரில் இதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு விடை நம் மீன் இறங்குதளங்களிலேயே இருக்கிறது. பாம்பனிலோ மண்டபத்திலோ மீனுக்குப் போடும் ஐஸை நொறுக்கி, மூன்று பங்கு ஐசுக்கு ஒரு பங்கு கல் உப்பு கலந்தால், கலவையின் வெப்பநிலை 0 டிகிரிக்கு வெகு கீழே போய்விடும். கன்ட்ரோலரின் வெப்ப சென்சாரைப் பேட்டரி முனையிலிருந்து கழற்றி, பாலித்தீன் உறையில் ஈரம் புகாதபடி சுற்றி, அந்தக் கலவைக்குள் வையுங்கள். பேட்டரி முழுதாக நிறையாமல், சோலார் பேனல் நன்கு மின்சாரம் தரும் நண்பகல் நேரம் இதற்கு ஏற்றது. சென்சார் குளிர்ந்ததும் சார்ஜ் கரண்ட் பூஜ்யமாக வேண்டும். வெளியே எடுத்துச் சூடேறியதும் மீண்டும் தொடங்க வேண்டும். சோதனை முடிந்ததும் சென்சாரை மறவாமல் பழைய இடத்திலேயே பொருத்துங்கள். பி.எம்.எஸ்.ஸின் சென்சார் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் அதை இப்படிச் சோதிக்க முடியாது; அதற்காகப் பெட்டியைத் திறக்கவும் கூடாது, பேட்டரியை ஐஸில் வைக்கவும் கூடாது.

படி 4: பேட்டரிக்கு இடமும் கதகதப்பும்

வேனுக்கு அடியிலோ வெளிப்பெட்டியிலோ அல்லாமல், ஆட்கள் உறங்கும் அறைக்குள்ளேயே பேட்டரியை வையுங்கள். அடியிலும் பக்கங்களிலும் ஃபோம் ஷீட் போட்டு, முனைகள் இருக்கும் மேற்பகுதியைத் திறந்து விடுங்கள். உறைநிலைக்குக் கீழே போகும் இடங்களுக்குச் செல்வதானால், தெர்மோஸ்டாட் இணைந்த ஹீட்டிங் பேடைப் பேட்டரியோடு ஒட்டிப் பொருத்துவது நல்லது. ஹீட்டிங் பேட் பேட்டரியையே தீர்த்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியை 10 டிகிரி சூடாக்கச் சுமார் 33 வாட்-மணி போதும். அதில் இருப்பதோ 1,280 வாட்-மணி. வெப்பம் வெளியேறுவதால் நடைமுறையில் இரு மடங்கு செலவானாலும் அது சிறிய தொகையே. கதகதப்புக்காக மூடிய வேனுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ ஏற்றிவைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

படி 5: பேனலின் மின்னழுத்தம்

குளிரில் பேனலின் மின்னழுத்தம் உயரும் என்பதைத் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 சதவீதம் கூடும். 23 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது இருப்பது) கொண்ட மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 69 வோல்ட். மைனஸ் 5 டிகிரியில் அது 75 வோல்ட்டைத் தாண்டி, 75 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலரைச் சேதப்படுத்திவிடும். அவற்றைப் பக்க இணைப்பாக மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

படி 6: மலையில் மாலையும் காலையும்

உண்மையான ஆபத்து நள்ளிரவில் அல்ல, விடிந்த பிறகே வருகிறது. வெயில் பட்ட உடனே பேனல் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். என்ஜினை இயக்கினால், அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் ஏற்றும். இரவெல்லாம் குளிர்ந்த செல்களோ வெளிக்காற்று சூடேறிய பிறகும் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். எனவே கன்ட்ரோலரும் பி.எம்.எஸ்.ஸும் தாமே நிறுத்தாத அமைப்பாக இருந்தால், பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் டி.சி.க்கு (நேர் மின்னோட்டத்துக்கு) உரிய எம்.சி.பி. என்னும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, உறங்கப்போகும் முன் அதையும், ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கேற்ப மாற்றி ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜரையும் அணைத்துவிடுங்கள். காலையில் பேட்டரியின் பக்கத்தில் ஒட்டிய வெப்பமானி 5 டிகிரிக்கு மேல் காட்டும் வரை பொறுத்து, பிறகு அவற்றை இயக்குங்கள். 10 டிகிரியைத் தாண்டும் வரை, 100 ஏ.எச். பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியருக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பாதுகாப்பானது. ஆல்டர்னேட்டரை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்திருப்பவர்கள் மலைக்குப் புறப்படுமுன் டி.சி.-டி.சி. சார்ஜருக்கு மாறிவிடுங்கள், குளிரில் பி.எம்.எஸ். திடீரெனத் துண்டித்தால் எழும் மின்னழுத்த ஏற்றம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கெடுத்துவிடக்கூடும்.

மீதமுள்ள மின்சாரத்தை வோல்ட் மீட்டரைக் கொண்டு கணிக்க வேண்டாம். இவ்வகைப் பேட்டரியின் மின்னழுத்தம் பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். உள்ளே வரும், வெளியே போகும் கரண்டை அளக்கும் ஷன்ட் பொருத்திய பேட்டரி மானிட்டரே நம்பத்தக்கது.

கடற்கரைக்குத் திரும்பிய பின்

குளிர்ந்த உலோகத்தின் மேல் நம் ஊரின் ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் முனைகள் விரைவில் பச்சை பூத்துவிடும். பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, திருகுகளை மீண்டும் இறுக்கி, மேலே மெல்லிய வாசலைன் பூச்சு கொடுங்கள். அடுத்த பயணம் வெகு தொலைவில் இருந்தால் பாதியளவு சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள். அரியமான் கடற்கரை மணலில் வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் வெப்பநிலை 45 டிகிரி என்ற மேல்வரம்பை எளிதில் கடந்துவிடும்.