பழைய வரைபடத்தில் அம்மம்மாவின் வளவைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்தின் பழைய வரைபடமொன்றின் மறுபதிப்பு கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தம் வீட்டைத்தான். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய தாளில் இரண்டு பரப்பு (ஓர் ஏக்கரின் எட்டிலொரு பங்கு) வளவின் பக்கம் அரை மில்லிமீற்றர் கூட வராது. ஆகவே தேட வேண்டியது வீட்டையல்ல, அதற்குப் போகும் ஒழுங்கையையும் அயலிலுள்ள கோயிலையும் கேணியையுமே.

முதலில் வரைபடத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பழைய உறுதிகளை (காணி உரிமைப் பத்திரங்களை), குறிப்பாகச் சீதன உறுதிகளை எடுங்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் வழங்கிய இம்மண்ணில் காணி பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் சென்றதால், தந்தைவழிப் பெயர்களை மட்டும் பின்தொடர்பவர் விரைவிலேயே காணியைத் தவறவிட்டுவிடுவார். உறுதியிலுள்ள காணிப் பெயர், அளவு, நான்கு எல்லைகள் ஆகியவற்றை எழுத்துப் பிசகாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். லாச்சம் என்ற நில அளவு காணியின் வகைக்கேற்ப மாறும்; ஓர் ஏக்கருக்கு வரகுக் காணியில் 16 லாச்சம், நெற்காணியில் 24 லாச்சம் என்பதால், எந்த லாச்சம் என்பதையும் சேர்த்துக் குறிப்பது அவசியம்.

அடுத்து, தொடங்குபவருக்கு ஆங்கிலேயர் காலத்து ஓரங்குல வரைபடமே ஏற்றது. ஒல்லாந்தர் வரைபடங்கள் அழகானவை. நெடுந்தீவை டெல்ப்ட் என்றும் புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் அவற்றில் காண்பது மனத்தை ஈர்க்கும். ஆனால் ஒழுங்கைகளைத் தேட அவை உதவா.

மறுபதிப்பில் தாள் சுருங்கியோ பெருத்தோ இருக்கலாம். அளவுகோட்டில் ஒரு மைலை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 25.4 மில்லிமீற்றர் வராவிட்டால், எழுதப்பட்டுள்ள விகிதத்தை விட்டு அக்கோட்டையே நம்புங்கள்.

வரைபடத்தில் ஆங்கில எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள்; சில இன்றைய பெயர்களிலிருந்து வேறுபடும். வட்டுக்கோட்டை அன்று பட்டிக்கோட்டா, காரைநகர் காரைதீவு.

பின்னர் ட்ரேசிங் தாளில் கோயில், சந்தி, கேணி, புகையிரதப் பாதை ஆகியவற்றைப் படியெடுத்து, அதே அளவில் அச்சிட்ட இன்றைய செய்மதிப் படத்தின்மேல் வைத்துப் பொருத்துங்கள். 1990 முதல் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் ஒழுங்கைகளே அழிந்த இடங்கள் உண்டு. அங்கு இந்தப் படியெடுப்பு மிகப் பெறுமதியானது. அதை எடுத்துக்கொண்டு அவ்வூர் முதியவர் ஒருவருடன் நடந்து, அவர் சொல்லும் காணிப் பெயர்களை உரிய இடத்தில் பென்சிலால் எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.