வளர்த்த நாயோ பூனையோ செத்துப்போனா அந்த துக்கத்த எப்படி தாங்குறது

எங்க நாய் கிட்னி போயி செத்துச்சு, 11 வயசு. மறுநாள் காலைல 6 மணிக்கு கை தானா போயி அதோட சங்கிலிய எடுத்துருச்சு, அப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு, அப்படியே தரையில உக்காந்து அழுதேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் இருக்கும், சோறு வைக்கிற நேரமோ கதவு திறந்தா ஓடி வர்ற நேரமோ. நாள் பூரா ஒரே மாதிரி வலிக்காது, அந்த ரெண்டு மூணு வேளைலதான் ஆள போட்டு அடிக்கும், அதனால அந்த நேரத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஏதாவது யோசிச்சு வைங்க. வாக்கிங் போற நேரம்னா வாக்கிங்க விடாதீங்க, வேற ரோட்டுல போங்க, கூட யாரையாவது கூட்டிக்கோங்க.

"ஒரு நாய்க்கா இவ்ளோ அழுகை"ன்னு கேப்பாங்க, அவங்ககிட்ட விளக்கம் சொல்லி தேயாதீங்க. ஊர் துக்கமாவே கணக்குல எடுத்துக்காத துக்கம்னு ஒண்ணு இருக்கு, கென்னத் டோக்கான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1989லயே இதுக்கு தனியா பேர் வெச்சு எழுதிட்டார். இதுக்கு லீவும் கிடையாது, துக்கம் கேக்க யாரும் வரவும் மாட்டாங்க, அதான் உள்ளயே தங்கிடுது. பிராணி வளத்த ஒரே ஒரு ஆள் கிடைச்சாலும் போதும், அதோட பேர சொல்லி சொல்லி பேசுங்க.

எனக்கு அழுகைய விட மோசமா இருந்தது குற்ற உணர்ச்சிதான். ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருந்தா பொழைச்சிருக்குமோன்னு ராத்திரி பூரா அதே ஓடும். ஒரு பேப்பர எடுத்து தேதி வாரியா எழுதுங்க, அன்னைக்கு என்ன பாத்தீங்க, அப்ப என்னன்னு நெனச்சீங்க, அவ்ளோதான். இன்னைக்கு தெரிஞ்சத அன்னைக்கு தெரிஞ்ச மாதிரி வெச்சுதான் நம்மள நாமளே திட்டிக்கிறோம்னு எழுதும்போதுதான் புரியும். நாயும் பூனையும் நோவ அவ்வளவா வெளிய காட்டாது, அதுலயும் கிட்னி வியாதி பெரும்பகுதி கெட்ட பிறகுதான் வெளியவே தெரியும். கதவ திறந்து போட்ட மாதிரி நெஜமாவே தப்பு நடந்திருந்தா, உன் தப்பில்லன்னு சொல்றவங்க பேச்சு மனசுல ஒட்டாது, நடந்தத நடந்தபடி நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லிடுங்க.

கருணைக்கொலை ஊசி போட்டவங்க முக்கியமா இத தெரிஞ்சுக்கோங்க. அது பெரும்பாலும் அளவுக்கு மேல கொடுக்குற மயக்க மருந்துதான், மொதல்ல நெனவு போகும், அப்புறம்தான் மூச்சும் இதயமும் நிக்கும். கண்ணு மூடாம இருந்தது, கடைசில ஒரு தடவ மூச்சு இழுத்த மாதிரி இருந்தது, இதெல்லாம் வலி இல்ல, நெனவு போன பிறகு உடம்புல தானா நடக்குறது.

குழந்தைங்ககிட்ட "தூங்குது"ன்னு சொல்லாதீங்க, அப்புறம் அதுங்க தூங்கவே பயப்படும். செத்துப்போச்சு, இனி வராதுன்னே சொல்லுங்க, அழுதா கூட சேந்து அழுங்க.

பாய், தட்டு எல்லாத்தையும் அன்னைக்கே தூக்கி போட வேணாம், ஒரு பெட்டில கட்டி வைங்க. புதுசா ஒண்ணு வாங்குறதுக்கு நாள் கணக்கு எதுவும் இல்ல, ஆனா வீட்ட நிரப்பணும்னு அவசரத்துல வாங்காதீங்க, அந்த குட்டிக்கு பாவம். வாரக்கணக்குல தூக்கம் சாப்பாடு இல்லன்னா மனநல டாக்டர பாருங்க, செத்துடலாமான்னு தோணுனா அன்னைக்கே, அந்த நிமிஷமே யார்கிட்டயாவது சொல்லுங்க.

வீட்டுல இன்னொரு பூனை இருந்தா அதையும் கவனிங்க. அதுவும் தேடும், சாப்பாட்ட விடும். பூனை ஒரு நாளுக்கு மேல ஒண்ணுமே சாப்பிடலன்னா டாக்டருக்கு போன் பண்ணிடுங்க, பட்டினி கிடந்தா அதுக்கு ஈரல்ல கொழுப்பு படிஞ்சிரலாம்.