துருவ மண்ணில் டீசல் சிந்திவிட்டால்: அங்கிருக்கும் நுண்ணுயிர்களை வைத்தே சுத்தம் செய்வது எப்படி?

முதலில் ஒன்று: எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று பாக்கெட்டில் விற்பதை அங்கே கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் சுற்றுச்சூழல் நெறிமுறை, அனுமதியில்லாமல் வெளி உயிர்களை உள்ளே விடக் கூடாது என்கிறது. அதற்குத் தேவையும் இல்லை. ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ் மாதிரி டீசலைத் தின்னும் வகைகள் அந்தக் குளிர் மண்ணிலேயே இருக்கின்றன, டீசல் விழுந்ததும் தானாகப் பெருகுகின்றன. அப்புறம் ஏன் வேலை இழுக்கிறது என்றால், குளிர் பாதிக் காரணம்தான். டீசலில் கார்பன் கொட்டிக் கிடக்கிறதே தவிர, நுண்ணுயிர் பெருகத் தேவையான தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கிடையாது.

சிந்தியவுடன் பரவலைத் தடுங்கள். கீழே உறைந்த மண் இருப்பதால் டீசல் பெரும்பாலும் ஆழமாக இறங்காமல், கோடையில் உருகும் நீரோடு பக்கவாட்டில் ஓடும், அதனால் சரிவின் கீழ்ப்பக்கம்தான் தடுப்பு வேண்டும். கண்டபடி தோண்டாதீர்கள், உறைமண் வெளியே தெரிந்தால் அதுவும் உருகி, டீசலுக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும்.

தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மண்ணைக் கசியாத விரிப்பின் மேல் குவியலாகப் போட்டு, வடியும் நீரைச் சேகரித்து, உரமும் காற்றும் கொடுக்கலாம். பயோபைல் என்பது இதுதான், அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியா நடத்தும் கேசி ஆய்வு நிலையத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இனி உரம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கார்பன், தழை, மணி 100:10:1 என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து, டீசலின் அளவுக்குக் கணக்குப்போட்டுக் கொட்டினால் வேலை நடப்பதற்குப் பதில் நின்றுபோகும், ஏனென்றால் உரம் உப்பு, அது கரைவது மண்ணில் இருக்கும் கொஞ்ச நீரில். ஒரு கிலோ உலர்மண்ணுக்கு 100 மில்லிகிராம் தழைச்சத்து போடுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மண்ணில் 200 கிராம் நீர் இருந்தால் லிட்டருக்கு 500 மில்லிகிராம். 50 கிராம் நீர்தான் என்றால் அதே உரம் 2000 ஆகிவிடும். அளவு மீறினால் செல்லுக்குள் நீர் போகாது, நுண்ணுயிர் சுற்றிலும் ஈரம் இருந்தும் தாகத்தில் தவிக்கும். ஆகவே முதலில் ஈரப்பதத்தை அளந்து, அந்த நீரின் அளவை வைத்து உரத்தைத் தீர்மானியுங்கள். மெதுவாகக் கரையும் குருணை உரம்தான் என் தேர்வு, ஒரே தடவையில் கொட்டுவதைவிட ஆபத்து குறைவு.

காற்றுக்குக் கோடையில் குவியலைக் கிளறிவிடுங்கள். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் போகாது, உரம் போட்டும் வீண். வெயில் படும்படி வையுங்கள், காற்று உறைநிலையை ஒட்டி இருந்தாலும் கருமையான மேல்மண் நன்றாகவே சூடாகும்.

கடைசியாக, டீசல் குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதும் முன் அது எங்கே போனது என்று பாருங்கள். ஆவியாகிப் போனாலும் மண்ணில் டீசல் குறைந்ததாகத்தான் தெரியும்! டீசலில் இருக்கும் இரண்டு ஹைட்ரோகார்பன்களை ஒப்பிடுங்கள்: 17 கார்பன் கொண்ட நேர்சங்கிலி ஆல்கேன், கிளைச்சங்கிலி கொண்ட பிரிஸ்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும், ஆனால் நுண்ணுயிர்கள் நேர்சங்கிலியை முதலில் தின்னும். பிரிஸ்டேனோடு ஒப்பிட்டால் நேர்சங்கிலியின் விகிதம் இறங்கினால் உயிர்கள் வேலை செய்கின்றன. மொத்தம் குறைந்தும் விகிதம் அசையவில்லை என்றால், டீசல் ஆவியாகியிருக்கலாம், உயிர்கள் தின்னவில்லை; மறுபடி ஈரத்தையும் தழைச்சத்தையும் அளந்து பாருங்கள். உரம் போடாத ஒரு சிறு குவியலைப் பக்கத்தில் விட்டுவைத்தால் ஒப்பிட வசதி.