டயப்பரைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: முதல் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பார்க்கப் போன வீட்டில் குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். கதவைத் திறந்த கையோடு அந்த அம்மா ஒரு நோட்டை நீட்டினார். எத்தனை மணிக்கு ஆய் போனது, எவ்வளவு, என்ன நிறம் என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் 9 என்று போட்டு, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு.

"ஒரே நாள்ல ஒன்பது தடவை சிஸ்டர். என் பால் ஒத்துக்கலையாம். ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பார்க்கச் சொல்றாங்க."

இதே போல ஒரு நோட்டு என்னிடமும் இருந்தது. என் மூத்த குழந்தைக்கு அப்போது பத்து நாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள், கை கழுவுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணிக்கைக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்துவது

முதலில், இயல்பானது எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். பிறந்ததும் வருவது மெக்கோனியம். கரும்பச்சையாக, தார் போல ஒட்டும். கருவில் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீர், உதிர்ந்த தோல் செல்கள், பித்தம் எல்லாம் சேர்ந்தது அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாம், நான்காம் நாளில் பச்சையும் பழுப்புமாக மாறும். ஐந்தாம் நாள் வாக்கில் நல்ல மஞ்சள். தண்ணீராக, நடுநடுவே திரிந்த பால் போலத் துணுக்குகளோடு இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இப்படித்தான் போக வேண்டும்.

வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். பெரியவர்களுக்கும் இது உண்டு, பச்சிளம் குழந்தைக்கு இன்னும் வேகமாக நடக்கும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் குழந்தை, குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் போனால் கணக்கு ஒன்பதுக்குத்தான் வரும்.

எனக்கு இது தெரியவில்லை. அப்போதும் நான் செவிலியர்தான், ஆனால் பெரியவர்கள் வார்டில். அங்கே எட்டு முறை தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று குறித்துக்கொள்வோம். அந்தக் கண்ணோடுதான் என் குழந்தையையும் பார்த்தேன். வீட்டில் ஒருவர் பால் ஒத்துக்கவில்லை என்று சொன்னதும் நம்பிவிட்டேன். இரண்டு நாள் நிறுத்தினேன், புட்டியில் பவுடர் பால் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் இரவு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆய் போவது குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். ஆனால் திரும்பவும் மார்பில் வைத்தபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. புட்டியில் சுலபமாக வந்து பழகிவிட்டது. எனக்கோ பால் வற்ற ஆரம்பித்திருந்தது. மார்பில் பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு குறையும், உடம்பின் ஏற்பாடு அப்படி. இரண்டு மணிக்கு ஒரு முறை மார்பில் வைத்துப் பிழிந்து எடுத்து, மூன்று வாரம் போராடினேன். பாதி திரும்பியது. முழுதாகத் திரும்பவே இல்லை.

இத்தனை வருடம் ஆகியும் இதை நினைத்தால் கோபம் வருகிறது. இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து, இருந்த பாலை இழந்தேன். நிறுத்து என்று சொன்னவர், பால் வற்றிய பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் நான் போகும் வீடுகளில் அதே வார்த்தையை யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, உண்மையான வயிற்றுப்போக்கு எப்படி இருக்கும்? அந்தக் குழந்தையின் வழக்கத்திலிருந்து திடீரென்று மாறும். டயப்பர் முழுக்கத் தண்ணீராக ஊறிவிடும், நாற்றம் வேறாக இருக்கும், சளியோ ரத்தமோ தெரியலாம். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போகும், சிறுநீர் குறையும், உச்சிக்குழி உள்வாங்கும். அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அன்றே காட்ட வேண்டும். ஆனால் அந்த நிலையிலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலைத் தொடர்ந்து, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இழந்த நீரை ஈடுகட்டுவதும் நோயை எதிர்ப்பதும் அந்தப் பாலில்தான் இருக்கிறது.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் சிறுநீரை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும்; இரண்டு வாரம் ஆகும்போது பெரும்பாலும் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் ஒன்று: முதல் இரண்டு மூன்று நாட்களில் டயப்பரில் செங்கல் பொடி போல இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் அது பெரும்பாலும் சிறுநீரில் உள்ள உப்புப் படிகம்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தொடர்ந்தால் பால் போதவில்லை என்று பொருளாக இருக்கலாம், காட்டுங்கள்.

அந்த வீட்டில் நோட்டைத் திருப்பி, "நேத்து எத்தனை தடவை நனைஞ்சதும்மா?" என்று கேட்டேன். அதை அவர் எழுதவே இல்லை. இருவரும் யோசித்துக் கணக்குப் போட்டோம், ஏழு வந்தது. எடையும் பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தார். முடிப்பதற்குள் பத்தாவது முறையும் போனது.

ஆய் வரவில்லை என்று சோப்புத் துண்டு வைப்பது

ஆறு வாரம் ஆனதும் இதே குழந்தை ஐந்து நாள், ஏழு நாள் போகாமல் இருக்கலாம். அப்போது பயம் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். வரும்போது இளக்கமாக வந்தால், வயிறு தொடுவதற்கு மெத்தென்று இருந்தால், பால் குடித்து எடை ஏறினால் அது மலச்சிக்கல் இல்லை. கெட்டியாக, உருண்டை உருண்டையாக வருவதுதான் மலச்சிக்கல். முதல் ஒரு மாதத்துக்குள் ஆய் மிகக் குறைவாகப் போனால் மட்டும் பால் போதுகிறதா என்று எடை பார்த்துவிடுங்கள்.

முகம் சிவக்கப் பத்து நிமிடம் முக்கி அழுதுவிட்டு, கடைசியில் இளக்கமாகப் போகும் குழந்தைகளும் உண்டு. முக்குவதையும் ஆசனவாயைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய அது இன்னும் பழகவில்லை. தானாகப் பழகும். தூண்டிவிட ஆசனவாயில் வைக்கும் சோப்பு உள்தோலை எரிச்சலாக்கும், தெர்மாமீட்டர் முனை கிழித்துவிடக்கூடும். தூண்டிவிட்டால்தான் போகும் என்றும் குழந்தை பழகிவிடலாம்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தண்ணீர் கொடுப்பது

ஆறு மாதம் வரை வேண்டாம்.

பச்சைக்குப் பயந்து, வெளிறியதை விட்டுவிடுவது

பச்சையாகப் போகிறது என்று நள்ளிரவில் போன் செய்பவர்கள், சுண்ணாம்பு போல வெளிறிப் போவதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். பச்சை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலுக்கு வராவிட்டால்தான் வெளிறும். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம், அதற்கான அறுவை சிகிச்சை 60 நாட்களுக்குள் நடந்தால் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை இருந்தால், சிறுநீர் டயப்பரில் அடர்மஞ்சளாகக் கறை போட்டால், மலம் வெளிறினால் படம் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். மெக்கோனியம் முடிந்த பிறகு கறுப்பாகப் போனாலும் ரத்தம் தெரிந்தாலும் இப்படித்தான்.

எல்லாச் சிவப்புக்கும் ஒரே களிம்பு

ஈரத்தில் ஊறிய தோலை மலத்தில் உள்ள நொதிகள் அரிப்பதால் வருவதுதான் வழக்கமான டயப்பர் புண். டயப்பர் உரசும் மேட்டுப் பகுதிகள் சிவந்திருக்கும், மடிப்புக்குள் தோல் நன்றாக இருக்கும். வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மேலே பட்ட அழுக்கை மட்டும் எடுத்தால் போதும். பூசியதை முழுக்கத் தேய்த்து எடுப்பதில்தான் பாதித் தோல் உரிகிறது.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, மடிப்புக்குள்ளும் சுடச்சுடச் சிவந்திருக்கிறது, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். மருத்துவரிடம் பூஞ்சைக்கான களிம்பு வாங்க வேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிய, மூன்று மருந்து கலந்த களிம்பை எடுத்துப் பூசாதீர்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். டயப்பர் மேலே கட்டுப் போட்டது போல மூடிக்கொள்வதால் மருந்து உடம்புக்குள் அதிகம் இறங்கும். சிவப்பு மறைவது போலத் தெரியும், தோல் மெலியும், பூஞ்சையும் அடங்காமல் பரவக்கூடும்.

பவுடர்

வேண்டாம். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும்.

தூங்கும் குழந்தையை எழுப்பி மாற்றுவது

நல்ல டயப்பரில் சிறுநீர் மட்டும், தோலிலும் புண் இல்லை என்றால் தூங்கட்டும். ஆய் போயிருந்தால் உடனே மாற்றுங்கள்.