நாஞ்சில் நாட்டுப் பழைய கல்லறைகளைப் பார்ப்பதும் வாசிப்பதும்: ஒரு செய்முறை

தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் முப்பாட்டனாரின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்த நாளில், அதில் வெட்டியிருந்த ஆண்டை வாசிக்க முடியாமல் திரும்பி வந்தேன். அதன்பின் கற்றுக்கொண்டவற்றை, முதன்முறையாகச் செல்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: காலமும் அனுமதியும்

தை, மாசி மாதங்களே ஏற்றவை. இரண்டு பருவமழைகளும் ஓய்ந்திருக்கும்; நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காகப் புதர் வெட்டிய வழிகளும் இன்னும் மூடியிருக்கா. திருநாளன்று மட்டும் செல்லவேண்டாம், அது குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி அழுகின்ற நாள். கத்தோலிக்கக் கோயிலானால் உபதேசியாரிடமும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையானால் போதகரிடமும், களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் சென்றுவிட்டால் கப்பியாரிடமும் (கோயில் பணியாளர்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: வெளிச்சம்

எழுத்து தெரியவேண்டுமென்று கல்லின் மேல் சாக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கம்பிப் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், சட்டமிட்ட சிறிய முகக்கண்ணாடி ஒன்று ஆகிய மூன்றும் போதும். படுத்திருக்கும் கல்லைக் காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயிலில் பாருங்கள். நிற்கும் கல்லுக்குக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து திருப்பி அடித்தால், வெட்டின் ஓரங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். செல்போன் ஃப்ளாஷ் நேராக அடித்து எல்லாவற்றையும் மழுக்கிவிடுவதால் அதை நான் பயன்படுத்துவதே இல்லை.

மூன்றாம் படி: ஆண்டை வாசித்தல்

என்னைத் தடுத்து நிறுத்திய இடம் இதுதான். முப்பாட்டனார் கல்லின் அடிவரியில் ‘௲௭௰௬ தை’ என்று இருந்தது. முதல் குறி தேய்ந்த சித்திரம் போலத் தோன்றியது. அடுத்த மூன்றையும் ‘எயசு’ என்று வாசித்து, ‘யேசு’ என்பதைத்தான் பிழையாக வெட்டிவிட்டார்கள் என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். மயிலாடியில் ஒரு மூத்த கல்தச்சரிடம் படத்தைக் காட்டியபோது, அவர் திரையின் மேல் விரலை ஓட்டி, “தம்பி, இது எழுத்தில்ல, எண்ணு” என்றார்.

தமிழ் எண்களில் ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும், ௬ சு போலவும் இருக்கும். இவற்றோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. ஆகவே ஆயிரம், ஏழு பத்து, ஆறு என்று கூட்டி 1076 எனக் கொள்ளவேண்டும்.

ஆனால் அது ஆங்கில ஆண்டு அன்று. அன்று எங்கள் பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் வழங்கியது கொல்லம் ஆண்டு. அது ஆவணியில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையிலான நாள் என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை என்றால் 825-ஐயும் கூட்டவேண்டும் என்பதால், மாதத்தைப் பார்க்காமல் ஆண்டைத் தீர்மானிக்கவே கூடாது. தை 1076 என்பது 1901. கோயிலின் அடக்கப் பதிவேட்டிலும் அந்த ஆண்டையே கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்காம் படி: பழகுவதற்கு உதயகிரி

நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயத்தில், டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுத் தரப்பில் சிறைப்பட்டு, பின் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்த தளபதி இவர். கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருப்பதால் தொடக்கநிலையினருக்கு இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன். லத்தீன் தெரியாவிட்டாலும் எண்களைப் பிடித்துக்கொள்ளலாம்: XXXVII என்பது ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுப் பணி, LXII என்பது அறுபத்திரண்டு வயது, அதன் மேல் ஐந்து மாதம். இறந்த நாள் 1777 ஜூன் 1 என்பதிலிருந்து பின்னோக்கிக் கழித்தால், கல்லின் கணக்குப்படி அவர் பிறந்தது 1715-இன் தொடக்கத்தையொட்டி என்று நீங்களே கண்டறியலாம். அங்கிருந்து திரும்பும் வழியில், கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறையையும் வணங்கிவிட்டு வாருங்கள். 1752-இல் கொல்லப்பட்டு 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவர், கிறிஸ்தவத்தை அறிந்தது டிலனாய் வழியாகத்தான்.

பின்சேர்க்கை: பாறசாலையிலிருந்து எழுதிய வாசகி ஒருவர், தம் ஊர்க் கல்லில் ௰, ௱ எதுவும் இல்லாமல் ‘௧௦௮௫’ என்று இருப்பதாகக் குழம்பியிருந்தார். அது சுழியோடு எழுதும் பிற்கால முறை, நேராக 1085 என்றே வாசிக்கலாம். கொச்சி செல்வோர்க்கு ஒரு சொல்: 1724-ஆம் ஆண்டைச் சேர்ந்த டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், ஆகவே வாயிலில் காத்து நிற்காமல், முதலில் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குச் சென்று அனுமதி கேளுங்கள்.