கதையின் கடைசி வரி: மொழிபெயர்ப்பவரும் தொகுப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெலுங்கில் கதையை முடிக்கும்போது ‘கத கஞ்சிகி, மனம் இண்டிகி’ என்பார்கள். தமிழ் எழுத்தில் பார்த்ததும் நமக்குக் கஞ்சியும் மனமும்தான் கண்ணில் படும். அந்தக் ‘கஞ்சி’ காஞ்சிபுரம். தெலுங்கில் ‘மனம்’ என்றால் நாம். கதை காஞ்சிக்குப் போயிற்று, நாம் வீட்டுக்குப் போவோம். கதையை ஒரு பக்கம் வழியனுப்பிவிட்டு, கேட்டவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிற வரி இது. முடிப்பு வரிகளின் வேலையே இதுதான். அதை மறக்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

எனக்கு மிகவும் வருத்தம் தருவதை முதலில் சொல்கிறேன். எந்த நாட்டுக் கதையானாலும் ‘அதன்பின் அவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்’ என்று முடித்துவிடுகிறோம். அது கதைக்குள் இருப்பவர்களைப் பற்றிய செய்தி. முடிப்பு வரி கதைக்கு வெளியே நிற்கிறது. அதில் பேசுபவர் கதைசொல்லி. ரஷ்யக் கதைகளில் கல்யாண விருந்து முடிந்ததும் அவர், ‘நானும் அங்கே இருந்தேன், தேனும் பீரும் குடித்தேன், மீசையில் வழிந்தது, வாய்க்குள் போகவில்லை’ என்பார். நேரில் பார்த்ததாகச் சாட்சி சொல்லி, அதே மூச்சில் சாட்சியைக் கலைத்தும் விடுகிறார். இதை வெட்டினால் கதைசொல்லியே காணாமல் போகிறார். ஜெர்மன் கதைகளில் வரும் ‘அவர்கள் சாகவில்லை என்றால் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்’ என்பதையும் ‘நீடூழி வாழ்ந்தார்கள்’ என்று தட்டையாக்கிவிடுகிறார்கள். அந்த ‘என்றால்’ போனால் வரியில் உயிரில்லை.

அடுத்தது, உள்ளர்த்தம் தேடி அலைவது. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஹேன்சல், கிரேட்டல் கதை இப்படி முடியும்: என் கதை முடிந்தது, அங்கே ஓர் எலி ஓடுகிறது, அதைப் பிடிப்பவர் அதன் தோலில் பெரிய குல்லா தைத்துக்கொள்ளலாம். எலி ஏன் வந்தது? ஜெர்மனில் ‘முடிந்தது’ என்பதற்கு ‘அவுஸ்’, எலிக்கு ‘மவுஸ்’. ‘கத முடிஞ்சுது, கத்தரிக்கா காச்சுது’ என்பதில் கத்தரிக்காய்க்கு என்ன வேலையோ, அதே வேலைதான் எலிக்கும். பாரசீகத்தில் ‘மேலே போனோம், தயிர் இருந்தது, கீழே வந்தோம், மோர் இருந்தது, நம் கதை பொய்யாக இருந்தது’ என்பார்கள். மோர் ‘தூக்’, பொய் ‘தொரூக்’. தயிருக்கும் மோருக்கும் தத்துவம் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது சொல்லைவிட ஓசையைக் காப்பாற்றுங்கள். வங்காள முடிப்பு வரியின் இரண்டு பாதிகளும் ‘ஃபுரோலோ’, ‘முரோலோ’ என்று எதுகையோடு முடியும். அதில் வரும் ‘நொட்டே’ ஒரு கீரைச்செடி. ‘என் கதை முடிந்தது, கீரைச்செடி வாடியது’ என்று எழுதினால் பொருள் சரி, ஓசை இல்லை. ‘என் கதை முடிந்தது, கீரைச்செடி மடிந்தது’ என்றால் குழந்தை கூடவே சொல்லும். ஒரு சொல்தான் வித்தியாசம். லால் பிஹாரி டே 1883-இல் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இது இன்னும் நீள்கிறது. செடியே ஏன் வாடினாய்? பசு மேய்கிறதே. பசுவே ஏன் மேய்கிறாய்? மாட்டுக்காரன் என்னைப் பார்த்துக்கொள்வதில்லையே. மாட்டுக்காரா ஏன்? மருமகள் சோறு போடுவதில்லையே. மருமகளே ஏன்? பிள்ளை அழுகிறதே. பிள்ளையே ஏன் அழுகிறாய்? எறும்பு கடிக்கிறதே. எறும்பே ஏன் கடிக்கிறாய்? ‘குட், குட், குட்!’ என்று கடிக்கும் ஓசைதான் பதில். இதைச் சுருக்க யாருக்காவது மனம் வருமா?

இப்போது பரவல். இரண்டு வரிகள் ஒத்துப்போனால் உடனே ‘இங்கிருந்து அங்கே போனது’ என்று எழுதிவிடுகிறார்கள். எது ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். ‘கதை முடிந்தது’ என்று சொல்லி எதுகை சேர்ப்பது எந்த மொழியிலும் தானாகத் தோன்றக்கூடியது. தனிச்சிறப்பான ஒரு படிமம் அப்படியே ஒத்துப்போவது வேறு விஷயம். ஒடியாவில் ‘என் கதை தீர்ந்தது, பூச்செடி செத்தது’ என்று தொடங்கி, ஏன் செத்தாய் என்று கேட்டால் கறுப்புப் பசு தின்றது என்று பதில் வரும். வங்காளத்துக்கும் இதற்கும் உறவு இருப்பது தெளிவு. ஆனால் ஒடியாவின் தெற்கு எல்லையில் இருக்கும் தெலுங்கில் நாம் முதலில் பார்த்த காஞ்சி வரியில் செடியும் இல்லை, பசுவும் இல்லை. பக்கத்துப் பக்கம் என்பது மட்டும் போதாது.

ஆர்மீனியாவிலும் துருக்கியிலும் கதை முடிவில் வானத்திலிருந்து மூன்று ஆப்பிள்கள் விழும்: சொன்னவருக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று, மூன்றாவது யாருக்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். எண், வானம், பங்கீடு மூன்றும் பொருந்துவதால் பொதுச்சொத்து என்று துணிந்து சொல்லலாம். யார் யாரிடம் வாங்கினார்கள் என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

கதை போகுமிடமெல்லாம் முடிப்பு வரியும் கூடவே போகும் என்று நினைப்பதும் தவறு. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்கள், ‘நான் சொன்ன இந்தக் கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும், கொஞ்சம் வேறெங்காவது கொண்டுபோங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும்’ என்று முடிப்பார்கள். அவர்களது சிலந்தி அனான்சியின் கதைகள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு கடல் கடந்து ஜமைக்கா போயின. அங்கே அவை ‘ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்’ என்று முடிகின்றன. கதையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சிலந்தி வந்து சேர்ந்தது, வாசற்கதவு புதிது.

தொகுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கதாநாயகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒலிப்பதிவை நிறுத்திவிடாதீர்கள். பாட்டி அதற்குப் பிறகுதான் அந்த வரியைச் சொல்வார். பிள்ளைகள் பாதியில் புகுந்து அவரோடு சேர்ந்து கத்துவார்கள். யார் எந்தப் பாதியைச் சொன்னார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.