கோலா, கொல்லா? கொங்கு மண்ணில் ஒரு மந்திர நாவல் எழுதும் முறை

ரகசியச் சங்கம், அதற்குள் இரண்டு மந்திரவாதிகள், அவர்களுக்கிடையே தீராத போட்டி என்று நாவல் எழுத விரும்புபவர்கள், அந்தப் போட்டி எதைப் பற்றியது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்குச் சக்தி அதிகம் என்ற சண்டை விரைவில் சலித்துவிடும். ஒரே வரியை இருவர் இரு விதமாகப் படிப்பதில் பிறக்கும் பகையோ கடைசிப் பக்கம் வரை தாங்கும்.

அதற்கான கரு நம் ஓலைச்சுவடிகளிலேயே இருக்கிறது. ஓலை கிழிந்துவிடும் என்பதால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. கொம்பிலும் குறில் நெடில் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே சுவடியில் ‘கொல’ என்று இருப்பதைக் ‘கோல்’ என்றும் கொள்ளலாம், ‘கொல்’ என்றும் கொள்ளலாம். காக்கும் கோல் என்று கொண்டு ஒருவன் அதைக் காவல் மந்திரமாக ஓதுகிறான், மற்றவனுக்கு அதுவே கொலைமந்திரம். இரண்டு வாசிப்புகளுக்கும் சமமான சான்று கிடைக்கும்படி அந்த வரியை நீங்களே யாத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அறிவிலியாகிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

களத்துக்கு ஈரோடு மாவட்டத்து விசயமங்கலத்தைப் பரிந்துரைப்பேன். கொங்குவேளிர் பெருங்கதை என்னும் காப்பியத்தை இயற்றிய ஊராக மரபு சுட்டும் அங்கே பழைய சமணக் கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த அந்தக் காப்பியத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. அந்த ஏடுகள் கிடைக்கவேயில்லை. தொலைந்த ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாக ஒளித்துவைத்திருப்பவர்களே உங்கள் சங்கத்தார் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் மறைந்து வாழ்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (எனக்கு மிகவும் பிடித்த கற்பனை இது.)

சூழலுக்குப் பனி மூடிய மேலைநாட்டுக் கல்லூரியைக் கடன் வாங்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து விளக்கை அணைக்கும் ஆடிக்காற்றும், கயிறு அவிழ்ந்து வரிசை குலைந்த ஏடுகளில், பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசிய புல்தைலத்தின் மணமும் போதும்.

உரையாடலில் மிகுந்த கவனம் தேவை. கொங்கில் பகைவனிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். நூறு பக்கங்களுக்கு “ஏனுங்க, அந்த ஏட்டக் கொஞ்சம் குடுக்கறீங்களா?” என்றே கேட்டுவந்தவன், ஓர் இரவு கையை நீட்டி “ஏட்டக் குடு” என்கிறான். அந்த இடத்தில் இடியும் மின்னலும் சேர்க்காமல், எதிரில் இருப்பவன் கயிற்றை மெதுவாகச் சுற்றிக் கட்டுவதை மட்டும் எழுதுங்கள்.